அடிப்பிடித்த சோறும் திரும்பி வந்த பதினோரு சிப்பமும்

2021 மார்ச் மாதம். தூயமல்லி அறுத்த வயலில் உளுந்து பூவெடுத்து நின்றது. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சென்னையிலிருந்து ஒரு அம்மா. என்னிடம் அரிசி வாங்கிப் பார்த்து, தன் குடியிருப்பில் இன்னும் பல வீடுகளுக்கும் சொல்லி வாங்க வைத்தவர்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. இந்த வருசத்து அரிசி அடிப்பிடிக்குது. குக்கர்ல வச்சா விசில் வழியா கஞ்சி பீச்சி அடிக்குது. திறந்து பார்த்தா மேல கூழு, அடியில காந்தல். எனக்குப் பரவால்ல, மத்தவங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியல."

அடுத்த ஒரு வாரத்தில் இதே புகார் நாலு வீட்டிலிருந்து வந்தது. கடைசியில் 25 கிலோ சிப்பம் பதினொன்று பார்சல் லாரியில் ஏறி மயிலாடுதுறைக்கே திரும்பி வந்துவிட்டது. போன வாடகை, வந்த வாடகை ரெண்டும் என் கணக்கில்.

எனக்குக் கோபம்தான் வந்தது. மூட்டைகளைத் திண்ணையில் இறக்கிவிட்டு, "பட்டணத்துக்காரங்களுக்குச் சோறாக்கத் தெரியல, பழி நம்ம அரிசி மேல" என்று சத்தம் போட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஒரு சிப்பத்தின் தையலைப் பிரித்து, ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். கையைத் திருப்பிக் காட்டினாள். விபூதி பூசினது மாதிரி வெள்ளையாக இருந்தது.

"இதை நீ ஆக்கிப் பார்த்தியா?" என்று கேட்டாள்.

நான் ஆக்கிப் பார்க்கவில்லை. அன்றுவரை எங்கள் வீட்டில் உலை ஏறிக்கொண்டிருந்தது முந்தின வருசத்து அரிசி.

நண்பர்களே, நம்மில் பலர் விதையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவோம். பஞ்சகவ்யம், அமிர்தக்கரைசல், பூச்சிவிரட்டி எல்லாம் அத்துப்படி. நெல் அரிசியாகி, அரிசி சோறாகி, இலையில் விழும் வரைக்கும் என்ன ஆகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. நானும் அப்படித்தான் இருந்தேன். அடிப்பிடித்த ஒரு குக்கர்தான் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது. அதில் கற்றுக்கொண்டதை ஒளிவுமறைவு இல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

களத்தில் தொடங்கிய தப்பு

குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர். காவிரி வாய்க்கால் பாசனம். 2017இல் ஆதிரெங்கம் நெல் திருவிழாவுக்குப் போய் 2 கிலோ தூயமல்லி விதை வாங்கிவந்தேன். 2 கிலோ வாங்கினால் அடுத்த வருசம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நெல் ஜெயராமன் வைத்திருந்த ஏற்பாடு. அவர் 2018 டிசம்பரில் நம்மை விட்டுப் போனார். அவர் கையால் வந்த விதை எங்கள் வயலில் ரெண்டு ஏக்கராகப் பெருகியது.

2021 பொங்கல் சமயத்தில் டெல்டா முழுக்கப் பருவம் தவறிப் பெய்த மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கதிர் முற்றி அறுப்புக்குத் தயாராக நின்ற பயிர் அப்படியே படுத்துவிட்டது. தூயமல்லி உயரமான பயிர் வேறு. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தது. சில இடங்களில் மணி முளைகட்டியே விட்டது.

தண்ணீர் வடிந்ததும் ஈரத்தோடு அறுத்தோம். காயவைக்க இடம் இல்லை. தார் ரோட்டில் கொட்டி, உச்சி வெயிலில் ஒரே மூச்சாகக் காயவைத்தோம். நெல்லை அவிக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. பச்சரிசியாகவே அரைத்துவிடலாம் என்று விதைக்கு எடுத்தது போக 28 மூட்டையை மில்லுக்கு ஏற்றினேன். வந்தது 38 சிப்பம். ரெண்டை வீட்டுக்கு வைத்துக்கொண்டு 36 சிப்பத்தை விற்றேன். அறுப்பு முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கும்போது நெல்லைப் பழசாக்கி விற்கலாம் என்று யாருக்குத் தோன்றும்?

இதில் எத்தனை தப்பு இருக்கிறது என்று அம்மா விரல்விட்டு எண்ணினாள். முளைகட்டின நெல் ஒன்று. முளைக்கும்போது மணிக்குள் இருக்கிற மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கிவிடும். அந்த அரிசி சீக்கிரம் குழையும், சீக்கிரம் கருகும். உச்சி வெயிலில் வேகமாகக் காயவைத்தது ரெண்டு. மேல்பக்கம் காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் மணியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். அந்த மணி மில்லில் நொறுங்கும், உலையில் உடையும். குருணை பிரிக்காமல் மூட்டை கட்டியது மூன்று. புது அரிசியைப் பழைய அரிசி மாதிரி விற்றது நாலு.

"நாலு தப்பும் உன் மேல. அஞ்சாவது தப்புதான் அந்தம்மா மேல" என்றாள்.

மூன்று உலை

சொன்னால் நம்ப மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் மூன்று உலை வைத்தாள். ஒரே அடுப்பு, ஒரே மாதிரிப் பாத்திரம்.

முதல் உலையில் சிப்பத்திலிருந்து எடுத்த அரிசியை ஒரு தடவை மட்டும் அலசி, பச்சைத் தண்ணீரோடு சேர்த்து வைத்து, தீயை முழுசாகத் திறந்துவிட்டாள். கால் மணி நேரத்தில் பொங்கி வழிந்தது. கொஞ்ச நேரத்தில் காந்தல் வாசனை. சென்னைக்காரம்மா சொன்னது அத்தனையும் எங்கள் அடுப்பிலேயே நடந்தது.

ரெண்டாவது உலைக்கு அதே அரிசிதான். ஆனால் ஒரு கிலோவை முறத்தில் புடைத்து, நொய் கொழித்து எடுத்தாள். நிறுத்துப் பார்த்தேன், 180 கிராம் நொய். மீதியை மூன்று தண்ணீரில் களைந்து, கொதிக்கிற உலையில் போட்டு, ஆரம்பத்தில் ஒருமுறை அடிவரைக்கும் கிளறிவிட்டு, பதம் வந்ததும் வடித்தாள். சோறு கொஞ்சம் மெத்தென்றுதான் இருந்தது. அடியில் ஒரு பருக்கைகூடப் பிடிக்கவில்லை.

மூன்றாவது உலையில் முந்தின வருசத்துத் தூயமல்லி. வேண்டுமென்றே முதல் உலையைப் போல அஜாக்கிரதையாக வைத்தாள். அடியில் லேசாக ஒட்டியது, அவ்வளவுதான். சோறு பொலபொலவென்று விழுந்தது.

அரிசி நன்றாக இருந்தால் பக்குவம் கொஞ்சம் தவறினாலும் சோறு தப்பித்துக்கொள்ளும். அரிசி சுமாராக இருந்தாலும் பக்குவம் சரியாக இருந்தால் பானை தப்பித்துக்கொள்ளும். நான் அனுப்பிய அரிசியும் சரியில்லை, அங்கே பக்குவமும் சரியில்லை. ரெண்டும் ஒன்றாகச் சேர்ந்ததால்தான் மூட்டை திரும்பி வந்தது.

பானைக்குள் என்ன நடக்கிறது?

அரிசியில் இருக்கிற மாவுச்சத்து ரெண்டு வகை. ஒன்று அமைலோஸ், இன்னொன்று அமைலோபெக்டின். அமைலோஸ் கூடுதலாக இருக்கிற அரிசி உதிரியாக வேகும். அமைலோபெக்டின் கூடினால் ஒட்டும். நம் பக்கத்துச் சாப்பாட்டு அரிசிகளில் பெரும்பாலானவை உதிரி வகை. கருப்புக் கவுனி ஒட்டுகிற வகை. அதனால்தான் செட்டிநாட்டில் அதை இனிப்பாகச் செய்கிறார்கள், சாம்பார் ஊற்றிப் பிசைவதில்லை.

தண்ணீர் சூடாகி 60, 70 டிகிரியைத் தாண்டும்போது மணி தண்ணீரைக் குடித்து உப்ப ஆரம்பிக்கும். மாவுச்சத்தில் ஒரு பகுதி வெளியே கரைந்து வரும். அதுதான் கஞ்சி. உடைந்த மணி, நொய், மேலே ஒட்டியிருக்கிற மாவு ஆகியவை முழு மணியைவிட வேகமாகக் கரையும். அவை அடியில் தங்கிப் பசையாக மாறிவிடும்.

பாத்திரத்தின் அடியில் தண்ணீர் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் சோறு கருகாது. தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கு மேல் அங்கே சூடு பெரிதாக ஏறாது. பசை படிந்ததும் தண்ணீரின் ஓட்டம் நின்றுவிடும். அந்த இடத்தில் இருக்கிற ஈரம் ஆவியாகிப் போகும். பிறகு சூடு விறுவிறுவென்று ஏறும். முதலில் ஒட்டும், பிறகு சிவக்கும், கடைசியில் கருகும். குக்கர் விசில் வழியாகப் பீச்சி அடித்ததும் இதே பசைதான்.

பழைய அரிசியில் இந்தத் தொல்லை ஏன் குறைவு? நெல் கிடப்பில் இருக்கும்போது மணி இறுகுகிறது. தண்ணீரைக் கூடுதலாகக் குடிக்கும், ஆனால் மாவுச்சத்தை வெளியே விடுவது குறைவு. அம்மா கஞ்சியைப் பார்த்தே அரிசியின் வயசைச் சொல்லிவிடுவாள். கஞ்சி கொழகொழவென்று இருந்தால் புதுசு, நீர்த்து இருந்தால் பழசு. நம் பெரியவர்கள் குதிரிலும் பத்தாயத்திலும் நெல்லைப் போட்டுவைத்தது திருட்டுக்குப் பயந்து மட்டும் இல்லை. பாசுமதிக்காரர்களும் அரிசியைப் பழசாக்கித்தான் நல்ல விலைக்கு விற்கிறார்கள்.

அதே சமயம், புது அரிசி குழைவது ஒரு குற்றமும் இல்லை. தைப்பொங்கலுக்குப் புது அரிசிதான் வேண்டும், அது குழைந்தால்தான் பொங்கல். ஜப்பானில் புது அறுவடை அரிசிக்குத் தனி மவுசு. குச்சியால் எடுத்துச் சாப்பிடுகிறவர்களுக்குச் சோறு ஒட்டத்தான் வேண்டும். எந்த அரிசி எதற்கு என்று சொல்லி விற்காததுதான் என் தப்பு.

அம்மாவின் பக்குவம்

வடிக்கிற முறை எங்கள் வீட்டில் இன்றைக்கும் இதுதான்.

முதலில் புடைத்து, நொய் எடுப்பது. அடுத்தது களைவது. பச்சரிசி என்றால் மூன்று தண்ணீர், மூன்றாவது தண்ணீர் ஓரளவு தெளிவாக வர வேண்டும். போட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது, மணி உடையும். கைக்குத்தல், சிவப்பரிசி என்றால் மேல்தோல் காவல் இருக்கிறது, மெதுவாக ரெண்டு தண்ணீர் போதும். கழுநீர் மாட்டுத் தொட்டிக்குப் போகும்.

பிறகு ஊறவைப்பது. ஊறின அரிசிக்குள் தண்ணீர் முன்னாடியே போய்விடுவதால் வெளியும் உள்ளும் ஒரே நேரத்தில் வேகும். ஊறாத அரிசியில் உள்ளே நறுக்கென்று நிற்கும்போதே வெளியே கரையத் தொடங்கிவிடும்.

அரிசி ஒரு பங்கு என்றால் உலைத்தண்ணீர் ஐந்தாறு பங்கு. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் அரிசி போட வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டால் அரிசி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கொதிக்கிற தண்ணீர் அதைப் படுக்க விடாது. போட்டதும் அகப்பையால் அடிவரைக்கும் ஒருமுறை கிளறிவிட வேண்டும். மறுபடி கொதி வந்ததும் இன்னொரு முறை. அதற்குப் பிறகு கிளறவே கூடாது. மணி வெந்து மெலிந்திருக்கும் நேரத்தில் கரண்டியைப் போட்டுக் கிண்டினால் உடைந்து மாவாகும். அடிப்பிடிக்குமோ என்று பயந்து கிண்டக் கிண்டத்தான் அடிப்பிடிக்கும்.

கொதி வந்ததும் தீயைத் தணிக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரின் கீழே தீயைக் கூட்டினால் சோறு சீக்கிரம் வேகாது, கேஸ்தான் சீக்கிரம் தீரும்.

ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்து, நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை இருக்கும்போதே வடிக்க வேண்டும். மிச்ச வேக்காட்டை அதன் சூடே பார்த்துக்கொள்ளும். கஞ்சி சொட்டி முடிந்ததும் பானையை நிமிர்த்தி, தணலில் அல்லது ரொம்பச் சின்னத் தீயில் ரெண்டு நிமிடம். பிறகு இறக்கி, மூடியே பத்து நிமிடம் வைக்க வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தை யாரும் விட்டுவிடாதீர்கள். மேலே இருக்கிற ஈரம் அடிவரைக்கும் பரவி, லேசாக ஒட்டினதும் தானாக விட்டுவிடும்.

வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அரிசியின் 'பி' வைட்டமின்களில் ஒரு பங்கு கரைந்து அதில்தான் இருக்கிறது. உப்பும் மோரும் கலந்து குடிக்கலாம், ரசத்தில் சேர்க்கலாம். அதுவும் முடியாவிட்டால் மாடு இருக்கிறது.

பாத்திரத்திலும் விஷயம் இருக்கிறது. எவர்சில்வர் சூட்டைப் பரப்புவதில் மந்தம். தீ படுகிற வட்டத்தில் மட்டும் சூடு ஏறி அந்த இடத்தில் பிடித்துக்கொள்ளும். மெல்லிசான பாத்திரம் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் அடியில் செம்போ அலுமினியமோ வைத்த எவர்சில்வர் பாத்திரங்கள் வந்தன. அந்தக் காலத்து வெண்கலப் பானை கனமானது, சூட்டைச் சீராகக் கொடுக்கும். மண்பானையும் அருமைதான், ஆனால் அதற்குச் சின்னத் தீ வேண்டும். புதுப் பானையை ஊறவைத்து, கஞ்சி காய்ச்சிப் பழக்கிய பிறகுதான் உலை வைக்க வேண்டும். மண்பானை என்றாலே ஒட்டாது என்று சிலர் சொல்வதை நம்பி கேஸ் தீயை முழுசாக வைத்தால் அதுவும் பிடிக்கும்.

உலையில் ஒரு சொட்டு எண்ணெய் விடலாமா என்று கேட்பார்கள். பொங்கி வழிவதை அது குறைக்கும். எண்ணெய் மேலேதான் மிதக்கும், அடியில் பிடிப்பதற்கு அது மருந்து இல்லை.

குக்கர் வீடுகளுக்கு

எல்லோரும் வடிக்க மாட்டார்கள். காலை ஏழு மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிற வீட்டில் போய், "வெண்கலப் பானையில் வடிங்கம்மா" என்றால் அடுத்த மாதம் நம்மிடம் அரிசி வாங்க மாட்டார்கள். குக்கருக்கு என்ன வழி என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

அந்தச் சென்னைக்காரம்மாவிடம் மறுபடி பேசினேன். கடையில் வாங்கும் பொன்னிப் புழுங்கலுக்கு எத்தனை தண்ணீரோ, எத்தனை விசிலோ, அதே கணக்கைத்தான் தூயமல்லிப் பச்சரிசிக்கும் வைத்திருக்கிறார். கடைப் புழுங்கலரிசி நன்றாக அவித்தது, குருணை பிரித்தது. அது இறுகிய அரிசி. அவித்துக் காயவைக்கும்போது மாவுச்சத்து உமிக்குள்ளேயே வெந்து இறுகிவிடும், மணியில் இருந்த வெடிப்பும் கூடிவிடும். அந்தக் கணக்கில் பச்சரிசியை, அதுவும் புது அரிசியை வைத்தால் கூழாகத்தான் ஆகும்.

நான் அவருக்குச் சொன்னது நாலே விஷயம். குக்கருக்குள் அரிசியை நேரடியாகப் போடாமல், தனிப் பாத்திரத்தில் வைத்து அதை உள்ளே வையுங்கள். தீக்கும் சோற்றுக்கும் நடுவில் தண்ணீர் இருந்தால் அடிப்பிடிக்கிற பேச்சே இல்லை. அரிசியை அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஆவி வந்து வெயிட் போட்டதும் தீயைக் குறையுங்கள். அழுத்தம் தானாக அடங்கி, பிறகு பத்து நிமிடம் கழித்துத் திறங்கள்.

எங்கள் வீட்டில் சோதித்த அளவுகளையும் தருகிறேன். தூயமல்லிப் பச்சரிசி, பழசு என்றால் ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். புதுசு என்றால் ரெண்டே போதும். தூயமல்லிப் புழுங்கல் ஒரு மணி நேரம் ஊறினால் மூன்று டம்ளர். மாப்பிள்ளைச் சம்பா முதல்நாள் இரவே ஊறவேண்டும், தண்ணீர் மூன்றரையிலிருந்து நாலு. கருப்புக் கவுனியும் இரவு முழுக்க ஊறவேண்டும், தண்ணீர் நாலு. அது வெந்தபிறகும் ஒட்டும், அது அதன் சுபாவம். உங்கள் அரிசிக்கும் உங்கள் அடுப்புக்கும் இந்தக் கணக்கு அரை டம்ளர் முன்னே பின்னே போகலாம். ஆக்கிப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

பாரம்பரிய அரிசியில் சேமியா பிழிந்து விற்கிற நண்பர்களும், பிள்ளைகளுக்குப் பாஸ்தா செய்கிறவர்களும் இதையே கவனிக்கலாம். கோதுமைச் சேமியாவோ பாஸ்தாவோ ஒட்டுவது முதல் ரெண்டு நிமிடத்தில்தான். மேல்மாவு பசையாகிற நேரம் அது. நிறையத் தண்ணீர், நல்ல கொதி, போட்டவுடன் கிளறல், இவ்வளவு போதும். அரிசிச் சேமியாவை வேகவைக்கவே வேண்டாம். உப்புத்தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, வடித்து, இட்லித் தட்டில் ஆவி காட்டினால் இழை இழையாக நிற்கும்.

பிடித்துவிட்டால்?

கைபேசியில் பேசிக்கொண்டே மறந்துவிட்டோம், காந்தல் வாசனை வந்துவிட்டது என்றால் முதலில் அடுப்பை அணைக்க வேண்டும். கரண்டியைப் போட்டுக் கிளறக் கூடாது, அடியைச் சுரண்டவும் கூடாது. சுரண்டினால் வாசனை பானை முழுக்க ஏறிவிடும். மேல்சோற்றை அப்படியே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். அடியில் சிவந்தது மட்டும் என்றால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். மோர் ஊற்றிக் கொடுத்தால் பிள்ளைகள் போட்டி போட்டுத் தின்னும். ஈரானில் விருந்தாளிக்கு வைப்பதற்கென்றே அடிச்சோற்றைப் பொன்னிறமாக முறுக விடுவார்கள். தஹ்திக் என்று பெயர். கரியாக ஆனது மட்டும் ஆகாது. அந்தப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ராத்திரி வைத்தால் காலையில் தோல் மாதிரி உரிந்து வரும். கம்பி நாரும் சோப்புத் தூளும் போட்டு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஊறின தண்ணீரைத் தென்னை மரத்துக்கு ஊற்றிவிடலாம்.

நாம் செய்ய வேண்டியது

திரும்பி வந்த பதினோரு சிப்பத்துக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வலித்தது. அந்த அரிசியை அம்மாவும் என் வீட்டுக்காரியும் உட்கார்ந்து புடைத்துப் பிரித்தார்கள். முழு அரிசியை 'பொங்கலுக்கும் இட்லிக்கும் ஏற்ற புது அரிசி' என்று எழுதி உள்ளூரிலேயே விலை குறைத்துக் கொடுத்தோம். நொய்யை உப்புமாவுக்கும் கஞ்சிக்கும் தனியாக விற்றோம். முழு விலை வரவில்லை, ஆனால் முழுசாக நட்டமும் ஆகவில்லை.

அதிலிருந்து களத்தில் சில வழக்கங்களை மாற்றிக்கொண்டேன். சாய்ந்த பயிரையும் நின்ற பயிரையும் சேர்த்து அடிப்பதில்லை. முளைகட்டின நெல் தனி, அது மாட்டுக்கும் கோழிக்கும். காலையும் சாயங்காலமும் இளவெயிலில் காயவைத்து, உச்சி வெயிலில் குவித்து மூடிவிடுகிறோம். அவித்த நெல்லை முக்கால் பதம் காய்ந்ததும் ஒரு இரவு குவித்து வைத்து, மறுநாள் மறுபடி காயவைக்கிறோம். நொறுங்குவது நன்றாகவே குறைந்தது. ஹல்லர் மில்லை விட்டு, ரப்பர் உருளை வைத்த மில்லுக்குப் போகிறோம். அரைத்ததும் சல்லடையில் குருணை பிரிக்காமல் எந்தச் சிப்பத்தையும் தைப்பதில்லை.

பழசாக்குவதுதான் கஷ்டம். ஆறு மாதம் நெல்லைக் கிடப்பில் போட்டால் அதுவரை கடனுக்கு வட்டி யார் கட்டுவது? நான் பாதியை மட்டும் வைக்கிறேன். மீதியைப் புது அரிசி என்று சொல்லியே விற்கிறேன். நாலைந்து உழவர்கள் சேர்ந்து ஒரு இடத்தில் இருப்பு வைத்து, அதற்கு முன்பணம் கொடுக்கிற வாடிக்கையாளர்களையும் சேர்த்துக்கொண்டால் சின்ன விவசாயியும் தாக்குப்பிடிக்கலாம். நம் கூட்டங்களில் விதைப் பரிமாற்றத்தைப் பேசுகிற மாதிரி இதையும் பேச வேண்டும். ரகம் பிழைப்பது அதை யாராவது திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிடுவதால்தான். ஒரு வீட்டில் ரெண்டு தடவை அடிப்பிடித்தால் அந்த வீடு மறுபடி பாலிஷ் அரிசிக்குப் போய்விடும். அந்த வீட்டுக்காக நட்ட கால் ஏக்கரில் அடுத்த வருசம் வேறு எதையாவது போடுவோம்.

இப்போது ஒவ்வொரு சிப்பத்திலும் ஒரு துண்டுச்சீட்டு வைக்கிறேன். ரகம், அறுத்த மாதம், அரைத்த மாதம், பச்சையா புழுங்கலா, எத்தனை நேரம் ஊற வேண்டும், வடிக்க எத்தனை தண்ணீர், குக்கருக்கு எத்தனை தண்ணீர் என்று ஏழே வரி. அம்மா சொல்லச் சொல்ல என் மகள் எழுதியது.

2022இல் அந்தச் சென்னைக் குடியிருப்புக்கு மறுபடி 20 சிப்பம் அனுப்பினேன். ஒன்றே ஒன்று திரும்பி வந்தது. அடிப்பிடித்ததற்காக இல்லை, வண்டு விழுந்திருந்ததாம். "மருந்து வைக்காத அரிசியில வண்டு வராம வேற எங்க வரும்?" என்று அம்மா சிரித்தாள். அதற்கும் துண்டுச்சீட்டில் ஒரு வரி சேர்த்துவிட்டோம், வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டுவையுங்கள் என்று.

உழவர்களே, அடுத்த தடவை மூட்டை தைப்பதற்கு முன்னால் ஒரு படி அரிசியை எடுத்து ரெண்டு பங்காக்குங்கள். ஒரு பங்கை உங்கள் வீட்டு அடுப்பில் வடியுங்கள். இன்னொரு பங்கை, வாங்குகிறவர் வீட்டில் இருக்கிற மாதிரி ஒரு குக்கரில் வையுங்கள். ரெண்டையும் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ஊசியைக் கையில் எடுங்கள்.